வேலையா, வழிபாடா? ஔந்த் சாலை சொல்லும் பாடம்

புனே நகரில், கட்கியிலிருந்து ஔந்துக்குப் போகும் சாலையில் ஸ்பைசர் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த தமிழர்கள் அதை இன்றும் "ஸ்பைசர் காலேஜ்" என்றுதான் சொல்வார்கள். அதன் பேக்கரி ரொட்டியை வாங்கிச் சாப்பிட்டவர்கள் நகரில் ஏராளம்.

இதை நடத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் வகுப்பு, அலுவலகம், கணக்கு, வாங்கல், விற்றல் எல்லாம் நின்றுவிட வேண்டும். சனிக்கிழமை சூரியன் மறையும் வரை வழிபாடும் ஓய்வும்தான்.

ஊரில் கடைத்தெரு நிரம்பி வழிகிற நாள் சனிக்கிழமை. தொழிற்சாலையில் ஓவர்டைம் கிடைக்கிற நாளும் அதுவே. அந்த நாளை அப்படியே எடுத்து ஆண்டவனுக்கு என்று வைத்துவிடுவது எளிய காரியமா?

"கடவுளுக்கே முதல் இடம்" என்று எல்லாக் கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள். ஆனால் விடியற்காலை முதல் ஷிப்டுக்கு ஓடும் தொழிலாளியும், லோனாவ்லா லோக்கலைப் பிடித்து அலுவலகம் போகும் குமாஸ்தாவும், அந்த முதல் இடத்தை நடைமுறையில் எப்படிக் கொடுப்பது?

ஔந்த் சாலையில் உள்ள இந்தக் கல்லூரியின் வரலாற்றில் இதற்கு விடை கிடைக்கிறது. அந்த வரலாறு தமிழ்நாட்டில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

கோவையில் பிறந்த பள்ளி

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை 1863-ம் ஆண்டு அமெரிக்காவில் அமைந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 1893-ல், இச்சபையைச் சேர்ந்த லெங்கர், ஸ்ட்ரூப் என்ற இருவர் சென்னையில் வந்து இறங்கினார்கள். அவர்கள் புத்தகம் விற்பவர்கள். இந்தியாவில் அச்சபையின் வேலைக்கு அதுவே தொடக்கம்.

1915-ம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு சிறு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பெயர் தென்னிந்தியப் பயிற்சிப் பள்ளி. சில ஆண்டுகளில் அது பெங்களூருக்கும், அதை அடுத்த கிருஷ்ணராஜபுரத்துக்கும் மாறியது. 1937-ல் அதற்கு ஸ்பைசர் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. வில்லியம் ஸ்பைசர் 1898-ல் கல்கத்தாவுக்கு வந்து பத்திரிகை நடத்தியவர். பிற்காலத்தில் அச்சபையின் உலகத் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் கல்லூரி புனேக்கு வந்து சேர்ந்தது. 2014-ல் மராட்டிய மாநிலச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் ஆயிற்று.

கையில் காசு இல்லாத மாணவர்கள் தோட்டத்திலும் பேக்கரியிலும் வேலை செய்து, அந்தக் கூலியில் சம்பளம் கட்டிப் படித்தார்கள். வேலையைக் கேவலமாக நினைக்கும் இடம் அல்ல அது. வாரத்தில் ஆறு நாள் கையால் உழைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் உழைப்பை நிறுத்தச் சொன்ன இடம்.

நாசரேத் அருகே ஒரு சபை

சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் வழக்கத்தை அமெரிக்கர்கள்தான் தமிழருக்குக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. அவர்களுடைய சபை அமைவதற்கு முன்பே திருநெல்வேலிச் சீமையில் அது இருந்தது.

அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, நாசரேத் வட்டாரத்தில் உபதேசியாராக இருந்தவர். வேதத்தை ஆழ்ந்து படித்தவர். வெள்ளைக்கார மிஷனெரியுடன் ஏற்பட்ட பிணக்கில் வேலையை விட்டு விலக்கப்பட்டார். 1857-ம் ஆண்டு, நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், மிஷனெரிமாரின் ஆளுகைக்கு உட்படாத ஒரு தனிச் சபையை அவர் நிறுவினார். "கர்த்தராகிய இயேசுவின் இந்து சபை" என்று பொருள்படும் பெயர் அதற்கு.

அந்தச் சபை பழைய ஏற்பாட்டில் உள்ளபடி சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்டது. வழிபாட்டில் தூபம் உண்டு. தரையில் அமர்ந்தும் விழுந்து வணங்கியும் தொழுதார்கள். ஐரோப்பியர் பழக்கம் எதுவும் வேண்டாம் என்பது அவர்களுடைய உறுதி.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நாளில் மிஷன் சபையில் இருந்தவருக்குப் பள்ளிக்கூடம் உண்டு. உபதேசியார் வேலை உண்டு. துரையின் சிபாரிசு உண்டு. வெளியேறியவர்கள் இவற்றின் நிழலை விட்டு வெளியேறினார்கள்.

1908-ல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் ஊழியர் பிரகாசபுரத்துக்குக் குடிவந்தார். சனிக்கிழமையை அனுசரிக்கும் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே இருந்த ஊர் என்பதுதான் அவரை அங்கே இழுத்தது. பிரகாசபுரத்தில் இருக்கும் ஜேம்ஸ் நினைவுப் பள்ளி அவர் பெயரைச் சொல்கிறது.

சனிவார் தேலி

மராட்டிய மண்ணுக்கும் இது புதிது அல்ல. கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் என்ற யூத மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். வீட்டில் பேசியது மராத்தி. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது.

அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு வைத்த பெயர் "சனிவார் தேலி". சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பொருள். செக்கு ஆட்டாமல் இருந்த நாளை வைத்து அவர்களை ஊர் அடையாளம் கண்டது! புனே கேம்ப் பகுதியில் செங்கல்லில் உயர்ந்து நிற்கும் "லால் தேவள்" யூதர்களின் ஜெப ஆலயம்தான். 1867-ல் கட்டி முடிந்தது.

செக்குக்காரருக்கு ஒரு நாள் செக்கு நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அது தெரிந்தேதான் நிறுத்தினார்கள்.

இரகசியம் வெள்ளிக்கிழமையில் இருக்கிறது

ஓய்வு நாளைக் காப்பவர்களின் வீட்டில் உண்மையான பரபரப்பு வெள்ளிக்கிழமை பகலில்தான். அதற்கு "ஆயத்த நாள்" என்று பெயர்.

சமையல் முடிந்திருக்க வேண்டும். வீடு பெருக்கித் துணி துவைத்திருக்க வேண்டும். மளிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் சூரியன் மறைவதற்குள். புனேயில் டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 6 மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். ஜூன் கடைசியில் 7-15 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் நேரத்தைப் பார்த்து வேலையை முடிக்க வேண்டும்.

எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உதவக்கூடிய பாடம் இங்கேதான் இருக்கிறது. வழிபாட்டுக்கு முதல் இடம் கொடுப்பது வழிபாட்டு நாளில் நடக்கும் காரியம் அல்ல. அதற்கு முந்தின நாளே அது தீர்மானம் ஆகிவிடுகிறது. சனி இரவு 12 மணி வரை விழித்திருந்துவிட்டு, ஞாயிறு காலை எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்வதில் பொருள் இல்லை. ஆறு நாளை ஒழுங்கு செய்தவனுக்குத்தான் ஏழாம் நாள் கையில் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஓய்வு நாள் கட்டளை வீட்டு எசமானை மட்டும் குறிக்கவில்லை. பிள்ளை, வேலைக்காரர், அந்நியர், மாடு ஆகிய எல்லாருக்கும் ஓய்வு வேண்டும் என்கிறது. கணவர் ஓய்வு நாள் கொண்டாட, மனைவி மட்டும் அடுப்படியில் புகையில் நின்றால் கட்டளையில் பாதிதான் நிறைவேறியது. முந்தின நாளே சமைத்து வைக்கும் வழக்கத்தில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த முந்தின நாள் வேலையில் ஆண்களும் கை கொடுக்க வேண்டும்.

ஞாயிறு விடுமுறை வந்த விதம்

பெரும்பான்மையான கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறே வழிபாட்டு நாள். இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஆதிச் சபை அந்த நாளில் கூடியது. 321-ம் ஆண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை அரசாங்க ஓய்வு நாளாக அறிவித்தார். அப்போதும் விவசாயிகளுக்கு விலக்கு இருந்தது.

இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை தானாக வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைகளில் ஓய்வு நாள் இல்லாமல் உழைத்த காலம் உண்டு. மகாத்மா ஜோதிராவ் பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே, ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடினார். ஞாயிறு கண்டோபாவுக்கு உகந்த நாள், தொழிலாளி குலதெய்வத்தைக் கும்பிட அந்த நாள் வேண்டும் என்பதும் அவருடைய வாதங்களில் ஒன்று. 1890 ஜூன் 10-ந் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடியவர் ஓர் இந்து. கேட்டதன் காரணங்களில் வழிபாடும் ஒன்று. இன்று அந்த நாளில் தேவாலயம் போகும் கிறிஸ்தவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஆனால் புனேயில் இன்னொரு சிக்கல் உண்டு. பிம்பிரி, போசரி வட்டாரத் தொழிற்சாலைகள் பலவற்றில் வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வட்டாரத்துக்கு ஒரு நாளாக விடுமுறை வைத்த ஏற்பாடு அது. நாசரேத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து அங்கே வேலைக்குச் சேரும் கிறிஸ்தவ இளைஞனுக்கு ஞாயிறு காலை ஆலய மணி கேட்கும். கால் மிஷின் பக்கம் போகும். ஊரில் ஊரே ஆலயத்துக்குப் போனது. அவனும் கூடவே போனான். இங்கே அவனாகத் தீர்மானித்தால்தான் உண்டு.

அப்படிப்பட்டவர் என்ன செய்யலாம்? ஷிப்டு மாற்றிக்கொள்ளலாம். சக தொழிலாளியின் தீபாவளிக்கும் கணபதி விழாவுக்கும் தாம் நின்று கொடுத்தால், ஞாயிறு காலைக்கு அவர் நின்று கொடுப்பார். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலியும் உண்டு. அதில் கலந்துகொண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. மற்றச் சபையார் இரண்டாம் ஆராதனை, மாலை ஆராதனை எங்கே என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

சம்பளமா, சபையா?

சில சமயம் மாற்று ஏற்பாடு எதுவும் கிடைக்காது. அப்போது சோதனை கடுமையாகிறது.

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில், அடெல் ஷெர்பர்ட் என்ற பெண் ஒரு நூற்பாலையில் வேலை செய்தார். அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1959-ல் ஆலை ஆறு நாள் வேலைக்கு மாறியது. சனிக்கிழமை வர முடியாது என்றார், வேலை போயிற்று. வேலையில்லாதோருக்கான உதவித் தொகையும் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் தம் மத நம்பிக்கையையோ பிழைப்பையோ ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும் என்று அரசு நெருக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

இது அறுபது ஆண்டுகளுக்கு முந்தின கதை என்று விட்டுவிட முடியாது. ஜெரால்டு கிராஃப் என்பவர் பென்சில்வேனியாவில் தபால் பட்டுவாடா செய்தவர். அவருக்கு ஞாயிறு ஓய்வு நாள். இணைய வியாபாரப் பார்சல்கள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் பட்டுவாடா என்றாயிற்று. அவர் மறுத்தார், தண்டனைகள் தொடர்ந்தன, 2019-ல் வேலையை விட்டார். 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு விதியை வகுத்தது. தொழிலாளியின் வழிபாட்டு நாளை மதித்து ஏற்பாடு செய்ய முடியாது என்று முதலாளி சொன்னால், அதனால் தொழிலுக்குக் கணிசமான செலவு கூடும் என்று அவர் காட்ட வேண்டும். அவரது வழக்கு மறு விசாரணைக்குக் கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது.

நம் நாட்டின் அரசியல் சட்டம் 25-வது பிரிவில் மத உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் இந்தக் கிழமைதான் விடுமுறை வேண்டும் என்று கேட்கும் தனி உரிமை அதில் எழுதப்படவில்லை. ஆகவே இங்கே பெரும்பாலும் சூப்பர்வைசரிடம் நேரில் பேசித்தான் காரியம் நடக்க வேண்டும். ஆண்டு முழுதும் நேரத்துக்கு வந்து, ஒழுங்காக வேலை செய்கிறவர் கேட்டால் காது கொடுப்பார்கள். நினைத்த நாளில் மட்டம் போடுகிறவர் ஆலயம் போக வேண்டும் என்று கேட்டால் யார் நம்புவார்கள்?

ஓவர்டைம் விஷயத்தில் ஒவ்வொருவரும் தம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு, ஊரில் இருக்கும் தாயின் மருந்துக்கு என்று ஓடுகிறவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் பழக்கத்தால் ஓடுகிறவர் உண்டு. ஒரு வாரத்துக்கு என்று விட்ட ஆராதனை ஓர் ஆண்டாகிவிடுவது அப்படித்தான்.

நோயாளிக்கு விலக்கு உண்டு

முதல் இடம் கொடுப்பது என்றால் கடமையை உதறிவிட்டு ஓடுவது என்று பொருள் அல்ல. ஔந்தில் அரசு மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆராதனை நேரம் என்று ஒரு நர்ஸ் வார்டை விட்டுப் போக முடியுமா?

இயேசு ஓய்வு நாளில் நோயாளிகளைக் குணமாக்கினார் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. அதற்காக ஏச்சும் வாங்கினார். சனிக்கிழமை ஓய்வில் கண்டிப்பான அட்வென்டிஸ்ட் சபையும் மருத்துவத் தொண்டுக்கு விலக்கு வைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்த டெஸ்மண்ட் டாஸ் இச்சபையைச் சேர்ந்தவர். துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று மறுத்தவர். சனிக்கிழமை ஓய்வு கேட்டு மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியவர். 1945 மே மாதம் ஜப்பானின் ஒகினாவா தீவில், குண்டு மழைக்கு நடுவே, காயம்பட்ட சுமார் 75 பேரைக் கயிற்றில் கட்டி மலை விளிம்பிலிருந்து கீழே இறக்கிக் காப்பாற்றினார். அது ஒரு சனிக்கிழமை. உயிரைக் காப்பதும் வழிபாடே என்று அவர் கொண்டார். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது.

கைப்பிடி அரிசி

வாரத்துக்கு ஒரு நாள் சரி. மற்ற ஆறு நாளும் எப்படி?

திருநெல்வேலிக் கிறிஸ்தவக் கிராமங்களில் காலையும் மாலையும் ஆலய மணி அடிக்கும். வேலைக்குப் போகுமுன் ஒரு சிறு ஜெபம். வேலை முடிந்து வந்ததும் ஒரு ஜெபம். இரவில் வீட்டில் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேத பாகம், ஒரு விண்ணப்பம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். படிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கும். தெரியாத பாட்டி கேட்கும்.

அதே கிராமங்களில் கைப்பிடி அரிசி என்ற வழக்கமும் உண்டு. சமைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள் பெண்கள். அது சபைக்கு. மிசோரம் மாநிலக் கிறிஸ்தவப் பெண்களும் இதே முறையைக் கைக்கொண்டு, ஒரு கைப்பிடி அரிசியைக் கொண்டே பெரும் ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள்.

இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சியதை அவர்கள் கொடுப்பதில்லை. உலையில் போடுமுன் எடுத்து வைக்கிறார்கள். மிஞ்சினால் தரலாம் என்று இருந்தால் ஏழை வீட்டில் என்றைக்கும் எதுவும் மிஞ்சாது.

நேரத்துக்கும் இதே கணக்குத்தான். வேலை முடிந்து, சமையல் முடிந்து, டி.வி. பார்த்து, கைபேசி பார்த்து, மிஞ்சிய நேரத்தில் ஜெபிக்கலாம் என்றால் தூக்கம் வந்துவிடும். நாளின் முதல் கைப்பிடியை எடுத்து வைக்க வேண்டும். முதல் ஷிப்டுக்காரருக்கு அது ஐந்து நிமிடமாக இருக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு, படுக்கும் முன் பத்து நிமிடமாக இருக்கலாம். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குக் கதவை மூடித் தனியாக ஜெபிக்க வசதி இருக்காது. ரெயிலில் கண்ணை மூடி ஜெபித்தாலும் அது ஜெபம்தான்.

கணக்கு நேராக இருக்கட்டும்

இத்தனையும் செய்துவிட்டு, வேலையிடத்தில் பொய்க் கணக்கு எழுதினால் என்ன பயன்? ஆமோஸ், ஏசாயா போன்ற தீர்க்கதரிசிகள் பழைய ஏற்பாட்டில் மிகக் கடுமையாகச் சாடுவது இதைத்தான். பண்டிகையும் பலியும் பாட்டும் நிறைந்த மக்களைப் பார்த்து, ஏழைக்கு நியாயம் செய்யாதவரின் ஆராதனை ஆண்டவருக்கு அருவருப்பு என்றார்கள். ஓய்வு நாள் எப்போது முடியும், கள்ளத் தராசை எப்போது எடுக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை ஆமோஸ் பெயர் சொல்லாமல் காட்டிக்கொடுக்கிறார்.

கோப்பைத் தள்ளிவைத்துக் கைக்கூலி எதிர்பார்க்காத குமாஸ்தா, கண்காணிப்பு இல்லாதபோதும் அளவு சரியாகப் பார்க்கும் ஃபிட்டர், வேலைக்காரப் பெண்ணுக்குக் கூலியை நாள் தவறாமல் கொடுக்கும் குடும்பத் தலைவி ஆகியோர் தங்கள் ஆலய வழிபாட்டை வாரம் முழுதும் கூடவே எடுத்துச் செல்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பக்கத்து மிஷினில் நிற்பவர் அவர்களுடைய மதத்தை மதிப்பிடுகிறார்.

சட்டாம்பிள்ளையின் சபையும், செக்கை நிறுத்திய கொங்கண யூதரும், கோவையிலிருந்து ஔந்துக்கு வந்த கல்லூரியும் வசதி மிகுந்த பிறகு வழிபாட்டுக்கு நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். நேரத்தை முதலில் எடுத்து வைத்தார்கள். மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டார்கள்.

வரும் வாரத்துக்கான ஷிப்டுப் பட்டியல் கையில் வந்ததும், கிறிஸ்தவத் தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது ஓவர்டைம் எந்த நாள் என்பதை அல்ல, ஆராதனைக்கு எந்த நேரம் என்பதை. அதைக் குறித்துவிட்டுப் பிறகு ஓவர்டைமைப் பார்க்கலாம்.